இப்ப, ஓம், பேந்து

எங்கள் ரக்பிக் குழுவின் கதையை யாராவது எழுதிவைக்க வேண்டும் என்று தலைவர் ஒவ்வொரு பனிக்காலமும் சொல்வார். யார் எழுதுவது என்று கேட்டால் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: பேந்து. பிறகு பார்ப்போம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்கிற சொல் அது. மொன்ட்ரியால் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ தாண்டி, பாலத்தையும் தாண்டினால், சோளக் காணிகளுக்கு நடுவே எங்கள் குழு இருக்கிற சின்ன ஊர் வரும். அந்த ஊரின் பால்பண்ணைக்காரர்கள் வாயில் இந்தச் சொல் எப்படிப் புகுந்தது என்று சொன்னாலே குழுவின் பாதிக் கதை முடிந்துவிடும். மீதிப் பாதி பெரும்பாலும் களைப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், வேறு ஒருவரும் உட்காரவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில் மொன்ட்ரியால்-நோரில் ஒரு அடுக்குமாடியின் நிலக்கீழ் அறையில் இருந்தேன். வேலை தீவின் மறுபக்கத்தில், புவாண்ட்-கிளேரில், ஒரு சரக்குக் கிடங்கில். விடியுமுன் பேருந்து, பிறகு மெத்ரோ, பிறகு இன்னொரு பேருந்து. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெரிய உடம்புக்காரர் ஒருவர் என்னோடு கைச்சாடையிலும் உடைந்த ஆங்கிலத்திலும் கதைப்பார். இன்று எங்கள் குழுவின் தலைவர் அவர்தான். ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்ததும், உன்னை வீட்டில் விடுகிறேன், வழியில் ஒரு விளையாட்டு இருக்கிறது என்று தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழி என்று அவர் சொன்னது என் வீட்டுக்கு நேரெதிர்த் திசை. எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்க எனக்கு மொழி இல்லை. கேட்காமல் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அங்கே ஒரு புல்வெளி. ஒரு மனிதன் முட்டை வடிவப் பந்தோடு ஓடினான், விழுந்தான். அவன் மேல் ஏழெட்டுப் பேர் போய் விழுந்தார்கள். ஆட்கள் கூட்டமாக ஓடி ஒருவன் மேல் விழுவதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். யோசிக்கவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போய், மேலே கிடந்தவனின் காலைப் பிடித்து இழுத்தேன். நடுவர் விசிலை ஊதோ ஊதென்று ஊதினார். அடியில் கிடந்தவர் என் கிடங்கு நண்பர். மூக்கில் மண்ணோடு தலையைத் தூக்கி, "மொஸ்யூ! விளையாட்டு! இது விளையாட்டு!" என்று கத்தினார். மொஸ்யூ என்றால் ஐயா, அன்றிலிருந்து அங்கே அதுதான் என் பெயர்.

இன்றுவரை இந்தக் கதை ஓயவில்லை. குழுவின் சரித்திரத்திலேயே வெளியிலிருந்து வந்து எதிரணியைப் பிடித்த ஒரே தடுப்பாட்டக்காரன் என்று என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துவார்கள். சிரிப்பேன். சிரித்துச் சிரித்தே களைத்துவிட்டேன்.

அன்று என்னை அங்கே கட்டிப்போட்டது ஆட்டமல்ல, ஆட்டம் முடிந்த பின் நடந்தது. விருந்தாளி அணிக்கு உள்ளூர் அணி சாப்பாடு போட வேண்டும். அதற்கு மூன்றாம் பாதி என்று பெயர். இரண்டு பாதி அடித்துக்கொள்வார்கள், மூன்றாவதில் அடித்தவனுக்கு அடிபட்டவன் பரிமாறுவான். பரிமாறியதென்னவோ வேகாத சொசேஜும் காய்ந்த பாணும். விருந்தாளிக்கு இப்படியா போடுவது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு மனைவி செய்த மட்டன் ரோல் ஒரு பெட்டி கொண்டுபோனேன்.

"ஆரோ அடிபடுகிறதுக்கு நான் ஏன் ரோல் உருட்டுறது?" என்று அவள் கேட்டாள்.

"அவையளுக்குச் சமைக்கத் தெரியாது, பாவம்."

"எனக்கு மட்டும் விளையாடத் தெரியுமோ? நான் பேசாமல் வீட்டிலை இருக்கிறன்தானே."

ஆனாலும் உருட்டினாள். இன்னும் உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

குழு எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விவசாயம் படிக்க வந்த மாணவர்கள் சிலரும் ஊர்ப் பண்ணைப் பையன்களும் சேர்ந்து, ஒருவர் மாடு மேய்க்க விட்டிருந்த நிலத்தில் விளையாடத் தொடங்கினார்களாம். உடை மாற்றும் இடம் பழைய பால் கொட்டகை. சுவரில் நீர்க்குழாய்கள் இன்னும் மாட்டின் உயரத்தில்தான் இருக்கின்றன. குளிப்பவர்கள் குந்தியிருந்து குளிக்க வேண்டும். கூரை ஒழுகுகிறது. நான் வந்தபோதும் ஒழுகியது.

பிறகு பண்ணைகள் ஒவ்வொன்றாக விற்றுப் போயின. பையன்கள் நகரத்துக்குப் போனார்கள். முழங்கால் போனவர்கள் வீட்டில் நின்றார்கள். ஆண்கள் அணிக்கு ஆள் சேராமல், கடைசியில் கிழவர்களும் மாப்பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பருவம் ஆடிவிட்டு ஓய்ந்தார்கள். மிஞ்சியது பெண்கள் அணி ஒன்றுதான். இப்போது குழு என்றால் அந்தப் பெண்கள், தலைவர், நான். சுண்ணாம்புக் கோடு போடுவது, தண்ணீர் கொடுப்பது, ஆட்டம் முடியக் கொடிகளைப் பிடுங்குவது எல்லாம் என் வேலை. இவற்றுக்கு மேல் கவலைப்படுவதும் என் வேலை. மழை வருமா, கோல் கம்பம் ஆடுகிறதே, நேற்றைய புல்லில் கண்ணாடித் துண்டு கிடந்தால் என்ன செய்வது. காரை எப்போதும் தெருவைப் பார்க்க நிறுத்துவேன். யாருக்காவது ஏதாவது ஆனால் பின்னுக்கு எடுத்துத் திருப்புகிற நேரம் மிச்சம். "நீ கவலைப்படு மொஸ்யூ, நாங்கள் விளையாடுகிறோம்," என்பார் தலைவர்.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

பந்து கோட்டுக்கு வெளியே போனால் லைன்-அவுட் என்று ஒன்று நடக்கும். இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி கோட்டிலிருந்து நடுவே பந்தை எறிவாள். வரிசையில் ஒருத்தியை இரண்டு பேர் தொடையில் பிடித்து வானத்துக்குத் தூக்குவார்கள், அவள் பிடிப்பாள். முன்னால் நிற்பவளுக்கா, நடுவில் நிற்பவளுக்கா, பின்னால் நிற்பவளுக்கா எறியப் போகிறோம் என்பது எதிரணிக்குத் தெரியக்கூடாது. அதற்கு ஒரு சங்கேதச் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் வைத்தார்கள், எதிரணி கண்டுபிடித்தது. பிரெஞ்சில் வைத்தார்கள், அதையும் கண்டுபிடித்தது. ஒரு நாள் அப்போதைய பயிற்சியாளர், தண்ணீர்ப் போத்தலோடு நின்ற என்னைப் பார்த்து, உன் மொழியில் மூன்று சொல் தா என்றார்.

பிழையான சொல் கொடுத்துத் தோற்றுவிட்டால்? நெடுநேரம் யோசித்து, நாக்கு புரளாத மூன்று சொற்கள் கொடுத்தேன். முன்னுக்கு 'இப்ப'. நடுவுக்கு 'ஓம்', ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்வது. பின்னுக்கு 'பேந்து'. பந்து பின்னுக்குப் போய்ச் சேர நேரமாகும்தானே, அதனால். கொட்டகைச் சுவரில் தொங்கிய வெள்ளைப் பலகையில் எழுதச் சொன்னார். நெட்டுயிரை இங்கிலீஷ் எழுத்தில் எப்படி எழுதுவதென்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? காதுக்குப் பட்டபடி எழுதினேன், பேந்துவை pendu என்று.

ஓம் என்பது பிரெஞ்சுக் காதுக்கு ஆண் என்று கேட்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெண்கள் வரிசையில் நின்று அப்படிக் கத்த, எதிரணிப் பெண்கள் ஆண் எங்கே வந்தான் என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் பந்து எங்களுடையது. அது அதிர்ஷ்டம். பேந்து அப்படியல்ல. நான் எழுதியதைப் பிரெஞ்சில் வாசித்தால் தூக்கில் தொங்குகிறவன் என்று வருமாம். சில மாதம் கழித்து, சின்னப் பிள்ளையாக இருந்த என் மகள்தான் சொன்னாள். பள்ளியில் அவர்கள் எழுத்து கண்டுபிடிக்கிற விளையாட்டு விளையாடுவார்கள். பிழை விட்டால் பிழைக்கு ஒரு கோடாக, தூக்கில் தொங்கும் மனிதனை வரைவார்கள். அவனுடைய பெயர் கொட்டகைப் பலகையில் என் கையெழுத்தில் இருந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. விளையாட்டுப் பிள்ளைகளின் வாயில் சாவுச் சொல்லைக் கொடுத்துவிட்டேனே. அடுத்த நாள் பயிற்சியாளரிடம் போய் மாற்றச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தூக்கிய பெண் ஆகாயத்தில் தொங்குகிறாள்தானே, இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும் என்றார். அர்த்தம் பிறகு என்பது என்று நான் சொல்ல, அது இன்னும் நல்லது என்றார். அன்றிலிருந்து கூரை திருத்துவதும் பேந்து, கம்பம் மாற்றுவதும் பேந்து. காலம் போகப் போக அவர்கள் வாயில் அது எங்கள் சொல்லும் இல்லாமல் பிரெஞ்சுச் சொல்லும் இல்லாமல், மூக்கால் வருகிற ஒரு 'பாந்து' ஆகிவிட்டது.

என் மகள் வளர்ந்தாள். கோடு போடுகிற என் பின்னால் வந்தவள் ஒரு நாள் கோட்டுக்கு உள்ளே போய்விட்டாள். அவள்தான் இப்போது லைன்-அவுட்டில் பந்து எறிகிறவள். ஸ்க்ரம் என்று இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தலை கொடுத்து முட்டுகிறபோது முன்வரிசை நடுவில் நிற்கிறவளும் அவள்தான். மற்றவர்களின் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவனுக்கு வேலை இரட்டித்தது.

போன இலையுதிர் காலத்தில், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில், அவள் வலது தோள் நிலத்தில் அடிபட விழுந்தாள். எழும்பிக் கையை ஆட்டிக் காட்டினாள். ஆனால் வீட்டில் பல் துலக்க இடது கையை எடுப்பதை நான் பார்த்தேன்.

"டொக்டரிட்டைக் காட்டுவம்."

"பேந்து, அப்பா."

"கார்டெரியிலை பிள்ளையளைத் தூக்கிற கை," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. மகளுக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தில். "கண்டறியாத ரக்பி. உவர்தானே பழக்கினது."

அந்த வாரம்தான் தலைவர் எல்லோரையும் கொட்டகையில் கூப்பிட்டுச் சொன்னார். பருவம் முடிய, அட்டவணையில் கடைசியாக நிற்கும் அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள். கடைசிக்கு ஒரு படி மேலே நாங்கள். எங்களுக்குக் கீழே நிற்கும் அணியோடுதான் கடைசி ஆட்டம். அவர்கள் தீவின் மேற்குப் பக்கத்துப் பெரிய குழு, அவர்களுக்கு இன்னொரு அணி இருக்கிறது. எங்களுக்கு இது ஒன்றுதான். வெல்ல வேண்டியதில்லை, சமநிலை போதும். தோற்றால் கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் காணிக்காரரிடம் கொடுத்துவிடலாம்.

பிறகு எல்லோரும் என் மகளின் தோளைப் பார்த்தார்கள். பந்து எறியத் தெரிந்த மற்றவள் பிள்ளை பெற்று மூன்று வாரம்.

"சா வா, சா வா," என்றாள் மகள். பரவாயில்லையாம்.

ஆட்ட நாள் காலை மழை. கோடு போட்ட சுண்ணாம்பு கரைந்து ஓட, திரும்பப் போட்டேன். மேப்பிள் இலைகள் வந்து ஒட்டின, பொறுக்கினேன். எதிரணி பஸ்ஸிலிருந்து இறங்கியது. அதில் உயரமான ஒரு பெண், நெற்றியில் பட்டி கட்டியிருந்தவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வணக்கம் அங்கிள். தமிழா?"

"ஓம்," என்றேன், சந்தோஷத்தில்.

"ஓமா? ஓ, சிலோன் தமிழா! எங்க ஃபேமிலி சென்னை. அப்பா இங்க இன்ஜினியர்." கைகூப்பிவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடினாள். ரக்பிப் புல்வெளியில் ஒரு தமிழ்ப் பிள்ளை, என் மகளைத் தவிர நான் பார்த்த முதல் ஆள். முதல் லைன்-அவுட் வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது.

மகள் கோட்டில் நின்று "இப்ப!" என்றாள். அந்த உயரப் பெண் கையை உயர்த்தித் தன் ஆட்களை முன்னுக்கு ஓடவிட்டாள். பந்து அவர்களுக்கு. அடுத்தது "ஓம்!" அவளே எழும்பி எங்கள் தலைக்கு மேலால் பறித்தாள். ஓமுக்கு அர்த்தம் காலையில் நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இப்ப முன்னுக்கு என்றால் ஓம் நடுவுக்குத்தான் என்று அவள் ஒரே தடவையில் பிடித்துவிட்டாள். மூன்றாவது, மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "பாந்து!" அந்தப் பெண் அசையவே இல்லை. பந்து பின்னுக்குப் போய் எங்கள் கையில் விழுந்தது. எறிந்த பிறகு மகள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டே ஓடினாள்.

அவர்கள் புள்ளி எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். இடைவேளையில் தண்ணீரோடு ஓடினேன்.

"பிள்ளை, உவள் தமிழ். எல்லாம் விளங்குது."

"தெரியும் அப்பா. உங்களை அங்கிள் எண்டு கூப்பிட்டவ."

"பேந்து மட்டும்தான் விளங்கேல்லை. அவையளிட்டை அந்தச் சொல்லு இல்லை."

"அப்ப இனிப் பேந்து மட்டும்தான்."

"பின்னுக்கு எறியத் தோள் ஏலாது உனக்கு! பொறு, வேறை சொல்லுத் தாறன். கிட்ட, எட்ட எண்டு..."

"அவளுக்கு உதும் விளங்கும்."

தலைவர் ஒரு யோசனை சொன்னார். சொல்லை மாற்றிப்போட்டால் என்ன, இப்ப என்று கத்திவிட்டுப் பின்னுக்கு எறி, பாந்து என்று கத்திவிட்டு முன்னுக்கு எறி. இரண்டாம் பாதியில் ஒரு தடவை செய்து பார்த்தார்கள். வருடக்கணக்காகக் காதில் ஏறிய சொல். மகள் பாந்து என்று கத்திப் பந்தை முன்னுக்கு எறிய, எங்கள் ஆட்கள் பழக்கத்தில் பின்னுக்கு நின்றவளைத் தூக்கினார்கள். அவள் ஒருவருக்கும் உதவாமல் ஆகாயத்தில் தொங்கினாள், பந்து அவர்கள் கையில். சுண்ணாம்பு வாளியை உதைத்துவிட்டு நான் அடுத்த பக்கம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பேந்துதான். ஒவ்வொன்றும் நீள எறிதல். அதே சொல்லுக்கு ஒரு தடவை பந்து முன்னுக்குப் போனதைப் பார்த்ததால், அந்த உயரப் பெண் முன்பக்கத்தை விட்டுப் பின்னுக்குப் போகத் துணியவில்லை. ஒவ்வொரு எறிதலுக்கும் அவள் முகம் ஒரு பக்கம் சுருங்கியது. நான் கோட்டுக்கு வெளியே அவளோடு கூடவே ஓடினேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. ஆட்டத்தை நிறுத்தி, இவளுக்குத் தோள் சரியில்லை என்று நடுவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு முறை உள்ளே ஓடி ஒருவன் காலை இழுத்தவன்தானே நான். இந்தக் குழு போனால் எனக்கு என்ன? கோடு போடுகிற வேலை மிச்சம். சனிக்கிழமைகளில் படுத்து நித்திரை கொள்ளலாம். மனைவிக்கும் கை ஓய்வு. இதையெல்லாம் யோசித்துக்கொண்டே தண்ணீர்ப் போத்தலை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன்.

கடைசியில் சமநிலை. நேரம் முடிகிற தறுவாய். எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில், எங்களுக்கு ஒரு லைன்-அவுட். பந்தைப் பிடித்து வெளியே உதைத்தால் ஆட்டம் முடியும். பறிகொடுத்தால் அவர்கள் இரண்டு எட்டில் கோட்டுக்குள் பந்தை வைத்துப் புள்ளி எடுத்துவிடுவார்கள். மகள் பந்தைத் துடைக்க என்னிடம் வந்தாள். கை மேலே வரவில்லை, நெஞ்சு மட்டத்தில் நின்றது.

"வா பிள்ளை, காணும். வெளியிலை வா."

"பேந்து வாறன்."

அவள் என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். என் கையில் இருந்த துவாயில் பந்தைத் துடைத்துக்கொண்டு போனாள். இடது கையால் வலது கையைத் தள்ளி மேலே ஏற்றினாள். அந்தச் சென்னைப் பெண் கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள். மகள் கத்தினாள். இந்த முறை மூக்கால் இல்லை. பலகையில் எழுத முன்னம் நான் சொன்ன மாதிரி, வீட்டில் கதைக்கிற மாதிரி, முழுசாக: "பேந்து!"

பந்து கோணலாகத்தான் போனது. ஆனாலும் பின்னால் நின்றவள் தொங்கிக்கொண்டே ஒற்றைக் கையால் தட்டி இறக்கினாள். யாரோ உதைத்தார்கள். பந்து சோளக் காணிக்குள் போய் விழுந்தது. விசில்.

வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. ஒருவரும் துள்ளவில்லை. எல்லோரும் இருந்த இடத்தில் சேற்றில் இருந்துவிட்டார்கள். தலைவர் என் தோளில் கை போட்டு, அடுத்த வருடமும் கோடு போட வேண்டும் மொஸ்யூ என்றார். சந்தோஷத்தில் சொன்னாரா, களைப்பில் சொன்னாரா தெரியவில்லை.

மூன்றாம் பாதியில் அந்தச் சென்னைப் பெண் ரோலைக் கடித்தபடி என்னிடம் வந்தாள். கோபம் இல்லை. அவர்கள் அணி போகிறதே என்று நான்தான் அவளைப் பார்க்கக் கூசினேன்.

"அங்கிள், ஒண்ணு சொல்லுங்க. இப்ப, ஓம், ரெண்டும் புரிஞ்சுது. 'பந்து, பந்து'ன்னு கத்துறாங்களே, பந்து எல்லாத்துக்கும்தானே இருக்கு, இதுல என்ன ரகசியம்னு மண்டைய உடைச்சிக்கிட்டேன்."

"பந்து இல்லை பிள்ளை. பேந்து."

"அப்படின்னா?"

"பிறகு. அப்புறம் எண்டு நீங்கள் சொல்லுறது."

அவள் ரோலை மேசையில் வைத்தாள். "அப்புறமா! ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தன் ஆட்களிடம் போய் பிரெஞ்சில் விளக்கினாள். ஒருத்தி தன் கழுத்தைப் பிடித்துத் தூக்குப் போடுவது போலக் காட்ட, மேசை முழுக்கச் சிரித்தது. நான் மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால், ரோல் எல்லாருக்கும் காணுமாக இருந்ததோ என்றுதான் கேட்பாள்.

மகள் மூலையில் இருந்த வாங்கில், இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சேட்டுக்குள் வலது தோள் ஒரு பக்கம் வீங்கி நின்றது. நான் கொடிகளைப் பிடுங்கவில்லை. வாளியை எடுக்கவில்லை. நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகக் கொடிகள் வெளியே நனைந்துகொண்டிருக்க, கார்ச் சாவியோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

"எழும்பு. எமர்ஜென்சிக்குப் போவம்."

"சாப்பிட்டிட்டு, குளிச்சிட்டு. பேந்து, அப்பா."

"பேந்து இல்லை," என்றேன். "இப்ப."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்ததா, வலி வந்ததா, முகம் கோணியது. தட்டை வாங்கில் வைத்தாள்.

"ஓம்," என்றாள்.

கார் தெருவைப் பார்த்துத்தான் நின்றது. பெல்ட்டை நான் குனிந்து இழுத்து, தோளில் படாமல் அக்குளுக்குக் கீழால் கொண்டுவந்து மாட்டிவிட்டேன்.